சமையலறைப் பாட்டு மேடையேறிய கதை: டாமி மேக்கமும் ஐரிஷ் நாட்டுப்பாடல் மறுமலர்ச்சியும்

யூடியூபில் ஐரிஷ் நாட்டுப்பாடல் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: மூன்று நான்கு ஆண்கள், ஒரு கிடார், ஒரு பாஞ்சோ, தடித்த வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர், வேகமான பாட்டு, பல்லவி வந்ததும் கூட்டமே சேர்ந்து கத்துவது. பார்க்கிறவருக்கு அயர்லாந்துக் கிராமங்களில் காலங்காலமாக இப்படித்தான் பாடிவந்திருக்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் இந்தப் பாணி கூடி வந்தது நியூயார்க்கில், 1950களின் பிற்பகுதியில். ஊரைவிட்டு வந்த நான்கு ஐரிஷ்காரர்கள், அவர்களுக்குப் பணம் போட்ட ஒரு அமெரிக்கப் பணக்காரப் பெண், அக்கம்பக்கத்தில் இருந்த அமெரிக்க இசைக்காரர்கள் என்று பலர் கைபட்டு உருவானது அது.

அந்த நான்கு பேரில் ஒருவர் டாமி மேக்கம். மற்ற மூவரும் கிளான்சி சகோதரர்கள்: பேடி, டாம், லியம். இசை பற்றி எழுதுகிறவர்கள் "நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு மேலே போய்விடுவார்கள். அது என்ன, யார் யார் அதில் என்ன செய்தார்கள் என்று புரிந்துகொள்ள மேக்கமின் வாழ்க்கை ரொம்ப வசதியானது. ஏனென்றால் ஒரு பாட்டு ஊரிலிருந்து கிளம்பி உலகம் சுற்றுவதற்கு இடையில் யாரெல்லாம் தேவையோ அத்தனை பேரும் அவருடைய வாழ்க்கையில் வருகிறார்கள். நாட்டுப்புறப் பாடகரைத் தனி மேதையாகப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சரியாகப் படுவதில்லை. மேக்கமைப் பார்த்தால் ஏன் என்று தெரியும்.

முதலில் அடிப்படை. நாட்டுப்பாடல் என்றால், இன்னார் எழுதியது என்று தெரியாத, காதில் வாங்கி வாயில் கைமாறிய பாட்டு என்பது பொதுவான விளக்கம். நம் ஊர்த் தாலாட்டு மாதிரி. பாட்டி பாடியதை அம்மா கேட்டிருப்பாள், அதிலேயே மாமன் பேரை மட்டும் மாற்றிச் சித்தி பாடியிருப்பாள், எது அசல் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. ஐரிஷ் பாட்டும் அப்படித்தான். ஒரே மெட்டுக்கு இரண்டு ஊரில் இரண்டு கதை இருக்கும், ஒரே கதைக்கு நாலு மெட்டு இருக்கும். யாரும் இதைத் திருட்டு என்று சொன்னதில்லை. மேக்கம் பிரபலமாக்கிய 'ரெட் இஸ் த ரோஸ்' என்ற காதல் பாட்டைக் கேட்டால், ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற 'லாக் லோமண்ட்' பாட்டின் மெட்டு அப்படியே இருக்கும். கடல் தாண்டினால் ஸ்காட்லாந்து. மெட்டுக்குப் பாஸ்போர்ட் கேட்கவா போகிறார்கள்.

டாமி பிறந்தது 1932-இல், வட அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்தில், கீடி என்ற சிறிய ஊரில். எல்லையோர ஊர். லினன் துணி ஆலைகள் இருந்த ஊர். அவருடைய அம்மா ஸாரா மேக்கம் அந்த ஆலையில் வேலை பார்த்தவர், கடைசிவரை அதே ஊரிலேயே இருந்தவர். அப்பா பீட்டர் ஃபிடில் வாசிப்பார். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார, பேச்சும் பாட்டும் வாசிப்பும் நடக்கிற வீடு அது. ஸாராவுக்கு 500 பாட்டுக்கு மேல் தெரியும் என்பார்கள். ஸாரா தன் அம்மா சமைக்கும்போது கூடவே நின்று கேட்டுக் கற்றது பாதி; வெளியே எங்காவது ஒரு புதுப் பாட்டைக் கேட்டால் ஒன்றிரண்டு முறையிலேயே மனப்பாடம் ஆகிவிடுமாம்.

ஸாரா பாடுவது எப்படி இருக்கும்? கிடார் கிடையாது, தாளம் கிடையாது, கூடப் பாடுகிறவர் கிடையாது. தனிக்குரல். வரி முடிகிற இடத்தில் மூச்சு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீட்டுவார், அடுத்த வரியை அவசரமில்லாமல் எடுப்பார். ஒரே மெட்டுதான் ஒவ்வொரு சரணத்துக்கும் திரும்பி வரும், ஆனால் வார்த்தைக்கு ஏற்ப ஒரு சின்ன வளைவு, ஒரு சின்னத் திருப்பம் மாறிக்கொண்டே இருக்கும். கதையில் யாராவது செத்தாலும் குரலில் அழுகை வராது. நடிப்பு இல்லை. கதை தானாகப் பேசட்டும் என்று விட்டுவிடுகிற பாட்டு. முதல் முறை கேட்கிறவருக்கு இது தட்டையாகத் தோன்றும். மூன்றாவது முறை கேட்கும்போது அந்தத் திருப்பங்கள் காதில் விழ ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்டவரை ஆய்வாளர்கள் மூலப் பாடகர் என்பார்கள். மேடைக்காகவோ இசைத்தட்டுக்காகவோ பாடாமல், பரம்பரையாக வந்ததை வீட்டில் பாடிக்கொண்டிருப்பவர். மறுமலர்ச்சி என்கிற சங்கிலியில் முதல் கண்ணி இவர்தான், ஆனால் பெரும்பாலும் பேர் தெரியாமலே போய்விடுவதும் இவர்தான். ஸாரா விஷயத்தில் அப்படி ஆகாததற்குக் காரணம் அடுத்த கண்ணி: சேகரிப்பாளர்.

இங்கே ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய தலைமுறைச் சேகரிப்பாளர்களில் பலர் நோட்டும் பென்சிலுமாக வந்து பாட்டின் வரியையும் மெட்டையும் எழுதிக்கொண்டு போனார்கள். எழுதினால் அந்தச் சின்னத் திருப்பங்கள் எல்லாம் காணாமல் போய்விடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தூக்கிக்கொண்டு போகக்கூடிய டேப் ரெக்கார்டர் வந்தது. 1952-இல் ஜீன் ரிச்சி என்ற அமெரிக்கப் பாடகி, தன் கணவர் ஜார்ஜ் பிக்கோவுடன் அயர்லாந்துக்கு வந்தார். ஜீன் கென்டக்கி மலைப்பகுதியைச் சேர்ந்தவர். அவர் குடும்பம் பாடிவந்த பழைய பாட்டுகள் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போனவர்களோடு போனவை. அவற்றின் வேரைத் தேடித்தான் அவர் வந்தது. தேடி வந்தவர் ஸாராவின் வீட்டிலும் உட்கார்ந்து பதிவு செய்தார். பிபிசிக்காகப் பாட்டுச் சேகரித்துக்கொண்டிருந்த பீட்டர் கென்னடியும் ஷான் ஓபாயிலும் ஸாராவிடம் வந்தார்கள். அவர் பாடிய 'ஆஸ் ஐ ரோவ்டு அவுட்' என்ற பாட்டு, அதே பேரில் பிபிசி வானொலியில் வந்த நாட்டுப்பாடல் நிகழ்ச்சியின் முகப்பு இசையாகிவிட்டது. ஆலைத் தொழிலாளி ஒருவரின் குரல் வாராவாரம் நாடு முழுக்கக் கேட்டது.

அப்புறம் 1955. டயான் ஹாமில்டன் என்று பேர் வைத்துக்கொண்டு இன்னொரு அமெரிக்கப் பெண் பாட்டுத் தேடி வந்தார். கோடீஸ்வரக் குகன்ஹைம் குடும்பத்துப் பெண் அவர். முதலில் தெற்கே டிப்பரரி மாவட்டத்தில் கேரிக்-ஆன்-ஷூர் என்ற ஊரில் கிளான்சி வீட்டுக்குப் போனார். அங்கே கடைக்குட்டி லியம், இருபது வயதுப் பையன், கூடமாட உதவுகிறேன் என்று பதிவுக் கருவியோடு ஒட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். அந்தப் பயணத்தில்தான் கீடிக்கு வந்து ஸாராவைப் பதிவு செய்கிறார்கள். ஸாராவின் மகன் டாமியும் லியமும் சந்திப்பது அப்போதுதான். இரண்டு பேருக்கும் நடிகனாக வேண்டும் என்ற ஆசை, இரண்டு பேருக்கும் அமெரிக்கா போகும் யோசனை, இரண்டு பேருக்கும் வீடு நிறையப் பாட்டு. ஒட்டிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும். அந்தப் பயணத்தின் பதிவுகள் 'த லார்க் இன் த மார்னிங்' என்ற எல்பி தட்டாக வந்தன. அதில் ஸாராவும் இருக்கிறார், டாமியும் லியமும் இருக்கிறார்கள்.

டாமி பதினாலு வயதிலேயே வேலைக்குப் போனவர். வாகனப் பட்டறையில் கணக்கு எழுதினார், மதுக்கடையில் பரிமாறினார், உள்ளூர்ப் பத்திரிகைக்குச் செய்தி எழுதினார். 1955 டிசம்பரில் பெட்டியோடு ஒரு பேக்பைப்பையும் தூக்கிக்கொண்டு அமெரிக்கா கிளம்பினார். போய் இறங்கியது நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் டோவர் என்ற ஆலை ஊரில். கீடிக்காரர்கள் வேலை தேடி அந்த ஊருக்குப் போவது ஏற்கெனவே பழகிய பாதை, அதனால் போனதும் தங்க இடமும் தெரிந்த முகமும் கிடைத்தன. அச்சு இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. 1956-இல் அங்கே ஒரு இயந்திரத்தில் கை மாட்டி நசுங்கியது. கட்டுப் போட்ட கையோடு, இனி இந்த வேலை வேண்டாம் என்று, நடிக்கப் போகிறேன் என்று நியூயார்க்குக்குப் பஸ்ஸோ ரயிலோ பிடித்துவிட்டார். அந்த இயந்திரம் ஒழுங்காக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. ஆலையில் ஓய்வு பெற்றிருப்பாரோ என்னவோ.

நியூயார்க்கில் கிளான்சிகளின் மூத்த இரண்டு பேர், பேடியும் டாமும், முன்பே இருந்தார்கள். போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்துவிட்டு, 1947-இல் கனடா போய், அங்கிருந்து அமெரிக்கா வந்து நாடக நடிகர்களாக அலைந்துகொண்டிருந்தவர்கள். கிரீனிச் வில்லேஜ் பகுதியில் செர்ரி லேன் என்ற அரங்கில் நாடகம் போட்டார்கள். நாடகத்தில் காசு வரவில்லை. வாடகைக்காக, நாடகம் முடிந்த பிறகு நள்ளிரவில் நாட்டுப்பாடல் கச்சேரி வைத்தார்கள். அமெரிக்க நாட்டுப்பாடல் பாடகர் பீட் சீகர், ஜீன் ரிச்சி போன்றவர்கள் வந்து பாடினார்கள். கடைசியில் பார்த்தால் நாடகத்தைவிடக் கச்சேரிக்குத்தான் கூட்டம். பாட்டுக்காரர் ஆக வேண்டும் என்று இவர்களில் யாரும் கிளம்பவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியம்.

1956-இல் பேடி, டயான் ஹாமில்டனின் பணத்தோடு, டிரடிஷன் ரெக்கார்ட்ஸ் என்ற சின்ன இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார். மறுமலர்ச்சியில் மூன்றாவது ஆள் இது: தட்டு போடுகிறவர். இந்த நிறுவனம் ஐரிஷ் பாட்டோடு நிற்கவில்லை, கறுப்பின அமெரிக்கப் பாடகி ஓடெட்டாவின் முதல் தனித் தட்டையும் வெளியிட்டது. அதைக் கேட்டுத்தான் மின் கிடாரைக் கொடுத்துவிட்டுச் சாதா கிடார் வாங்கினேன் என்று பாப் டிலன் பிற்பாடு சொன்னார். மூன்று கிளான்சிகளும் டாமியும் சேர்ந்து அதே ஆண்டில் 'த ரைசிங் ஆஃப் த மூன்' என்று ஐரிஷ் கிளர்ச்சிப் பாட்டுகளின் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். ஸ்டூடியோ எல்லாம் கிடையாது. பிராங்ஸ் பகுதியில், கென்னத் கோல்ட்ஸ்டைன் என்ற நாட்டாரியல் ஆளின் வீட்டில் நடந்த பதிவு. பேடியின் ஹார்மோனிகாவைத் தவிரப் பெரிய பின்னணி கிடையாது. கேட்டால் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். 1959-இல் குடிப்பாட்டுகளாகச் சேர்த்து இன்னொரு தட்டு போட்டபோது லியமின் கிடார் வந்துவிட்டது, நான்கு குரலும் ஒன்றோடொன்று பழகிவிட்டன.

சரி, அந்த மூன்று வருஷத்தில் பாட்டுக்கு என்ன ஆனது? இதுதான் மறுமலர்ச்சியின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஸாராவின் பாட்டில் தாளம் கட்டற்றது என்றேன். கிடார் உள்ளே வந்ததும் அது முடியாது. கிடார் ஒரு சீரான அடியைக் கேட்கும். நாலு பேர் சேர்ந்து பாட வேண்டுமானால் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுக்க வேண்டும். அதனால் நீட்டல்கள் போயின, சின்னத் திருப்பங்கள் போயின, வேகம் கூடியது. இன்னொன்று, பழைய ஐரிஷ் மெட்டுகளில் பல மேற்கத்திய இசையின் மேஜர், மைனர் என்ற இரண்டு டப்பாவிலும் முழுசாக அடங்காதவை. தனிக்குரலில் பாடும்போது அந்த இரண்டுங்கெட்ட நிலையே அழகு. கிடாரில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, போட்டால், ஏதாவது ஒரு பக்கம் சாய்த்தே ஆக வேண்டும். இழப்புகள் இவை, மறைக்க வேண்டாம். கிடைத்தது என்ன என்றால், பல்லவி. தனியாக ஒருத்தர் பாட மற்றவர்கள் கேட்கும் பாட்டு, மொத்தக் கூட்டமும் வாங்கிப் பாடும் பாட்டாக மாறியது. நூறு பேர் உட்கார்ந்திருக்கும் கிளப்பில், ஐரிஷ் வாடையே தெரியாத அமெரிக்கர்கள் இரண்டாவது பல்லவியிலேயே சேர்ந்துகொள்ள முடிந்தது.

டாமியின் கையில் இருந்தவை தகரக் குழல், அதாவது டின் விசில், அப்புறம் பாஞ்சோ. விசில் அயர்லாந்துச் சமாசாரம், சரி. பாஞ்சோ? அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம், அமெரிக்காவில் வளர்ந்தது. ஐரிஷ் இசையில் அதற்கு முன்பே பாஞ்சோ இருந்தது, ஆனால் நாலு தந்தி வகை, நடன மெட்டுகளை ஒற்றை ஒற்றை ஸ்வரமாகத் தெறிக்கவிட வாசிப்பது. பிற்பாடு டப்ளினர்ஸ் குழுவின் பார்னி மெக்கென்னா அதில் மன்னன். டாமி எடுத்தது வேறு: பீட் சீகர் பிரபலமாக்கிய நீளக் கழுத்து ஐந்து தந்தி பாஞ்சோ. சாதாரணப் பாஞ்சோவைவிடக் கழுத்தில் விரல் வைக்கும் கட்டை, அதாவது ஃப்ரெட், மூன்று கூடுதல், அதனால் சுருதியைக் கீழே இறக்கி, பாடகரின் குரலுக்கு வசதியான இடத்தில் வாசிக்கலாம். அதாவது ஆர்மாவின் பாட்டு, ஆப்பிரிக்க வம்சாவளி வாத்தியம், நியூயார்க் இடதுசாரிப் பாடகரின் வடிவமைப்பு. இதைத்தான் உலகம் "அசல் ஐரிஷ்" என்று கேட்டது.

பீட் சீகர் நேரடியாகவும் வந்தார். 1961-இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அழைத்துவந்த பார்வையாளர்கள் முன்னால் இவர்கள் பாடிப் பதிவு செய்த தட்டில் பாஞ்சோ வாசித்தவர் சீகர்தான். அது கிராமி விருதுப் பரிந்துரை வரை போனது. அந்தக் காலத்துக் கிரீனிச் வில்லேஜின் நல்ல கிடார்க் கலைஞர் ப்ரூஸ் லாங்ஹார்னும் இவர்களுக்குச் சில பதிவுகளில் வாசித்திருக்கிறார்.

அடுத்து, முன்பு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம். நாலு பேரும் நடிகர்கள். மேடையில் எங்கே நிற்பது, ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் விட்டுச் சிரிப்பு வாங்குவது, கவிதை ஒன்றைப் பாட்டுக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அவர்களுக்குத் தொழில். டாமி செருப்புத் தைப்பவரின் பாட்டு ஒன்றைப் பாடும்போது ஆணி அடிப்பதும் நூல் இழுப்பதும் கையிலேயே நடக்கும்; பாட்டைவிட அந்தக் கையைப் பார்த்துத்தான் கூட்டம் சிரிக்கும். ஸாரா பாட்டில் நடிப்பே இல்லை என்றேன் அல்லவா, மகன் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் போய் நின்றார். இதைத் துரோகம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமையலறையில் ஆறு பேருக்குப் பாடுவதும், மைக் முன்னால் ஆயிரம் பேருக்குப் பாடுவதும் ஒரே வேலை இல்லை.

குழுவுக்குப் பேர் வைப்பதில் இவர்களுக்குள் ஒத்துவரவே இல்லையாம். கிளப்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு வாசல் பலகையில் 'த கிளான்சி பிரதர்ஸ் அண்ட் டாமி மேக்கம்' என்று எழுதிவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. ஸ்வெட்டர் கதையும் அப்படித்தான். நியூயார்க்கில் கடும் குளிர் என்று கேள்விப்பட்டு, கிளான்சிகளின் அம்மா அயர்லாந்திலிருந்து ஆரன் தீவு பாணிக் கம்பளி ஸ்வெட்டர்களை அனுப்பினார். மேடைக்கு ஒரே மாதிரி உடை தேடிக்கொண்டிருந்த மேனேஜர் மார்ட்டி எர்லிக்மன் அதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். மேடை விளக்குச் சூட்டில் அதைப் போட்டுக்கொண்டு பாடுவது எவ்வளவு கொடுமை என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

1961 மார்ச்சில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சி. அமெரிக்கா முழுக்க ஞாயிறு இரவு பார்க்கிற நிகழ்ச்சி. வரவேண்டிய இன்னொரு கலைஞர் வராததால் இவர்களுக்குச் சுமார் 16 நிமிஷம் கிடைத்தது. டிவியில் அது ஒரு யுகம். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கொலம்பியாவோடு ஒரு லட்சம் டாலர் முன்பண ஒப்பந்தம், 1962-இல் கார்னகி ஹால் கச்சேரி, 1963-இல் அதிபர் கென்னடி முன்னால் பாட்டு. கென்னடியின் முன்னோர்களும் பஞ்சம் பிழைக்க அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்கள்தான்.

இப்போது கதையின் விசித்திரமான பகுதி. அயர்லாந்தில் அந்தச் சமயம் இளைஞர்கள் ஷோபேண்ட் என்று சொல்லப்பட்ட நடனக் குழுக்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் ஹிட் பாட்டுகளைப் பளபளக் கோட்டு போட்டுக்கொண்டு வாசிக்கும் குழுக்கள். நாட்டுப்பாடல் என்றால் ஏழ்மை, பட்டிக்காடு, தாத்தா. கியரன் மக் மஹூனா என்ற வானொலிக்காரர் 1962-இல் அமெரிக்காவில் இந்தத் தட்டுகளைக் கேட்டு, ஊருக்கு எடுத்துவந்து வானொலியில் போட்டார். பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் ஜெயித்துவிட்டார்கள் என்ற பிறகு தாத்தா பாட்டு திடீரென்று நாகரிகம் ஆகிவிட்டது. இது அயர்லாந்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. ஊரெங்கும் பாலட், அதாவது கதைப்பாட்டு, பாடும் குழுக்கள் முளைத்தன. டப்ளின் பப் ஒன்றில் 1962-இல் கூடிய டப்ளினர்ஸ் அவற்றில் மிகப் பெரியது. அவர்கள் ஸ்வெட்டர் போடவில்லை, தாடி வைத்தார்கள், குரலில் இன்னும் கரகரப்பு. ஆக, வெளியே போன பாட்டு உருமாறி வீடு திரும்பி, வீட்டிலிருந்தவர்களையே பாட வைத்தது.

பாட்டின் பயணம் அங்கேயும் நிற்கவில்லை. கிரீனிச் வில்லேஜில் ஒயிட் ஹார்ஸ் என்ற மதுக்கடையில் கிளான்சிகளும் மேக்கமும் பாடுவதைக் கேட்க வந்துபோனவர்களில் இருபது வயது பாப் டிலனும் ஒருவர். லியமைப் போல பாலட் பாடுகிறவரைத் தான் கேட்டதே இல்லை என்று டிலன் பிற்பாடு சொன்னார். கேட்டதோடு விடவில்லை, எடுத்துக்கொண்டார். இவர்கள் கச்சேரி முடிவில் வழக்கமாகப் பாடிய 'த பார்ட்டிங் கிளாஸ்' என்ற பழைய விடைபெறும் பாட்டு, டிலனின் 'ரெஸ்ட்லெஸ் ஃபேர்வெல்'லுக்கு அடியில் இருக்கிறது. லியம் பாடிய 'த பேட்ரியட் கேம்' டிலனின் 'வித் காட் ஆன் அவர் சைடு'க்கு மெட்டுக் கொடுத்தது. இதில் பேட்ரியட் கேமை எழுதிய டொமினிக் பீஹன் ரொம்பக் கோபப்பட்டார். வேடிக்கை என்னவென்றால், அவரும் அந்த மெட்டை ஒரு பழைய நாட்டுப்பாடலிலிருந்துதான் எடுத்திருந்தார். நாட்டுப்பாடலில் உரிமை என்பது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற சண்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வாய்வழி உலகத்தில் மெட்டு எல்லாருக்கும் பொது. தட்டும் ராயல்டியும் வந்தவுடன் அதே மெட்டு யாரோ ஒருவருடைய சொத்தாக வேண்டியிருக்கிறது.

புதிதாக எழுதிய பாட்டு நாட்டுப்பாடல் ஆக முடியுமா என்று கேட்பார்கள். ஆகும். மேக்கம் 1967-இல் 'ஃபோர் கிரீன் ஃபீல்ட்ஸ்' எழுதினார். ஒரு கிழவி, அவளுக்கு நாலு பச்சை வயல்கள், அந்நியர் வந்து பிடுங்கப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் சண்டையிட்டுச் சாகிறார்கள், ஒரு வயல் மட்டும் இன்னும் அடுத்தவன் கையில். கிழவி அயர்லாந்து, நாலு வயல் நாலு மாகாணங்கள், கைவிட்டுப் போனது பிரிட்டன் கையிலிருக்கும் வடக்கு, அதாவது மேக்கம் பிறந்த பக்கம். நாட்டைக் கிழவியாகப் பாடுவது ஐரிஷ் கவிதையில் பல நூற்றாண்டுப் பழக்கம் என்பதால், கேட்கிறவர்களுக்கு இது எப்போதோ யாரோ பாடியது என்றே பட்டது. வடக்கில் கலவரம் வெடித்த வருஷங்களில் பாட்டு ஊர் ஊராகப் பரவியது, பலர் ஆசிரியர் பேரே தெரியாமல் பாடினார்கள். பாட்டெழுதுகிறவருக்கு இது வருத்தமா பெருமையா என்று தெரியவில்லை; மேக்கம் மாதிரி ஆளுக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

எல்லாப் புலம்பெயர்ந்த பாடகரும் இந்த வழியில் போனார்கள் என்று நினைக்க வேண்டாம். ஜோ ஹீனி என்று ஒருவர், மேற்குக் கரையில் கானமாரா பகுதியில் ஐரிஷ் மொழி பேசி வளர்ந்தவர். ஷான்-நோஸ் என்ற பழைய பாணியில் பாடுபவர், ஸாராவைவிட நகாசு வேலை அதிகம். அவரும் நியூயார்க் வந்தார். கிடார் சேர்க்கவில்லை, குழு சேர்க்கவில்லை, வேகத்தைக் கூட்டவில்லை. மன்ஹாட்டனில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல்காப்பவராக வேலை பார்த்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்குப் பாடினார். கடைசி வருஷங்களில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுத்தார். 1982-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களில் அவரும் ஒருவர். மேக்கம் பாட்டை மாற்றிக் கூட்டத்திடம் கொண்டுபோனார், ஹீனி கூட்டம் வரும்வரை பாட்டை மாற்றாமல் காத்திருந்தார். கலையாக ஹீனி ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம், ஆனால் மேக்கம் வகையறா கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் ஹீனியைத் தேடி எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்பதும் நியாயமான கேள்வி.

மேக்கம் 1969-இல் குழுவைவிட்டுத் தனியாகப் பாடப் போனார். 1975-இல் ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் ஒரு விழாவில் அவரையும் லியமையும் தனித்தனியாகக் கூப்பிட்டிருந்தார்கள். சேர்ந்து கொஞ்சம் பாடுங்களேன் என்று யாரோ சொல்ல, பாட, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அங்கிருந்து மேக்கம் அண்ட் கிளான்சி என்று 1988 வரை இரட்டையராக ஓடினார்கள். அவர்களின் பெரிய ஹிட், 1976-இல் அயர்லாந்தில் முதலிடம் பிடித்தது, முதல் உலகப் போரின் கலிப்பொலிப் போர்முனையில் காலை இழந்த ஆஸ்திரேலியச் சிப்பாயின் பாட்டு. எழுதியவர் எரிக் போகிள், ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர். ஒரு குடியேறி எழுதியதை இரண்டு குடியேறிகள் பாடினார்கள். நியூயார்க்கில் 57-வது தெருவில் மேக்கம் ஐரிஷ் பெவிலியன் என்ற இசைக்கூடத்தையும் நடத்தினார். 2007-இல் டோவரில், முதன்முதல் வந்திறங்கிய அதே ஆலை ஊரில், காலமானார்.

கேட்டுப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் ஸாரா மேக்கம் பாடிய 'ஆஸ் ஐ ரோவ்டு அவுட்'. ஹெட்ஃபோன் போட்டு, வரி முடிகிற இடங்களைக் கவனியுங்கள். அடுத்து 1956 தட்டு, அதன் பிறகு 1961 தட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் கிடாரும் பாஞ்சோவும் என்ன செய்தன என்று யாரும் சொல்லாமலே புரியும். பிறகு டாமி தனியாகப் பாடும் 'ஃபோர் கிரீன் ஃபீல்ட்ஸ்', இதில் அவர் பின்னணியைக் குறைத்துக்கொண்டு அம்மாவின் பக்கம் கொஞ்சம் திரும்புவது கேட்கும். டிலனுக்குப் போவதற்கு முன் லியமின் 'த பேட்ரியட் கேம்'. கடைசியாக ஜோ ஹீனி, ஆனால் அவரைச் சமைத்துக்கொண்டோ பஸ்ஸிலோ கேட்காதீர்கள், எதுவும் பிடிபடாது. இதற்குமேல் வேண்டும் என்பவர்களுக்கு டாமியின் மகன்கள் மூவரும் மேக்கம் பிரதர்ஸ் என்ற பேரில் போட்ட தட்டுகள் இருக்கின்றன. பாட்டி ஸாராவின் பாட்டுகள் அவற்றிலும் வருகின்றன.